நிஃப்லாவின் பாண் சத்தம்

ஆலங்குடாவில் எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் பேக்கரியிலிருந்து இரண்டு பாண் ஓட்டோக்கள் வரும். இரண்டிலும் ஒரே பாட்டு. நாடு முழுக்கப் பாண் ஓட்டோக்கள் போடுகிற அதே பாட்டுத்தான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. முதலில் அஃப்ராஸ் வந்து விற்றுவிட்டுப் போவான். பிறகு நௌஃபர் வருவான். அஃப்ராஸ்தான் திரும்பிப் போகிறான் என்று நினைத்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். நௌஃபர் வீட்டில் இராச்சாப்பாட்டுக்கும் விற்காமல் மிஞ்சிய கிம்புலா பணிஸ்தான். பக்கத்து வீடு என்பதால் எனக்கும் ஒரு பை வந்து சேரும். சீனி தூவிய பணிஸை ஒரு மனுசி எத்தனை நாளைக்குத்தான் தின்பது?

நான் சொல்ல வந்தது நௌஃபரின் தங்கை நிஃப்லாவைப் பற்றி. கல்பிட்டியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அவளுக்கு வேலை. வீட்டுக்கு வந்தால் பழைய லெப்டொப்பைத் திறந்து சத்தம் செய்வாள். ஸ்கிரீனில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்று இரையும், ஒன்று அந்த இரைச்சலை வடிக்கும், இன்னொன்று அது எப்போது எழும்பவேண்டும், எப்போது அடங்கவேண்டும் என்று சொல்லும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு நிறநிறமாக வயர்களை இழுத்து மாட்டுவாள். பார்த்தால் எங்கள் சந்திக் கரண்ட் கம்பம் மாதிரி இருக்கும். ஒருநாள் ஹெட்போனை என் காதில் வைத்தாள். தகரக் கூரையில் மழை பெய்தது.

"எங்கடி பிடிச்ச இத?" என்றேன்.

"பிடிக்கல்ல சாச்சி. வெறும் இரைச்சல்ல இருந்து நானே செஞ்ச."

அவளுடைய உம்மா உம்மு குல்சூமுக்கு இருந்த கவலை வேறு, பாட்டு மார்க்கத்துக்கு ஆகாதே என்று.

"பாட்டா மகள்?"

"இல்ல உம்மா, சத்தம்."

"சத்தமெண்டா சரி" என்று அவர் குசினிக்குள் போய்விடுவார்.

ஹெட்போனுக்கு வெளியே அந்தச் சத்தங்கள் போனதேயில்லை. தான் செய்த ஒன்றையாவது நாலு பேர் கேட்டு, இது இன்னது என்று அறியவேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு. அதனால், "எனக்கெண்டு ஒரு சத்தம் செஞ்சு தா தங்கச்சி" என்று நௌஃபர் கேட்டதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரு கிழமையாக வயர்களோடு மல்லுக்கட்டிச் செய்தாள். எனக்கும் போட்டுக் காட்டினாள். அடியில் கடல் உருண்டு வருகிற மாதிரி ஒரு முழக்கம், அதன்மேல் மெல்லிய ஒரு கீச்சு. அருமையாக இருந்தது. ஆனால் அது கச்சான் காற்று பலமாக அடிக்கிற காலம். கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டிச் செய்தவளுக்குக் காற்றின் நினைப்பே வரவில்லை.

மறுநாள் நௌஃபர் அதை ஓட்டோவில் போட்டு வந்தபோது, அந்த முழக்கத்தைக் காற்று அப்படியே தின்றுவிட்டது. மிஞ்சியது கீச்சு மட்டும். மீன்காரனின் மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அச்சொட்டாக அதே கீச்சுத்தான். ஒழுங்கை முழுக்கப் பெண்கள் சட்டியோடு இறங்கிவிட்டார்கள். பூனைகளும் வந்தன.

முன்னுக்கு நின்ற அஸீஸா மாமி, "பாரை இரிக்கா?" என்று கேட்டாள்.

நௌஃபர் தலையைச் சொறிந்தான். "மீன் பணிஸ் இரிக்கி மாமி."

அவள் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது. நான் வயிறு நோகச் சிரித்தேன். ஆனால் வேலிக்குப் பக்கத்தில் நின்ற நிஃப்லாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த நாள் நௌஃபர் பழைய பாட்டுக்கே திரும்பினான். அவள் லெப்டொப்பைத் தொடவேயில்லை. எனக்கு மிகவும் பாவமாக இருந்தது.

கடை லீவு நாளில் அவளாகவே ஓட்டோவின் பின்பக்கம் ஏறினாள். பணிஸ் தட்டுகளுக்கு நடுவே மடியில் லெப்டொப். நௌஃபரை ஒழுங்கையின் மறு முனைக்கு அனுப்பி, "கேட்டா கைய உயத்து நானா" என்றாள். அவன் கை உயரவில்லை. ஒரு வயரைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாள். பாதி உயர்ந்தது. தான் ஆசைப்பட்டுச் செய்த முழக்கத்தையெல்லாம் வெட்டி எறிந்தாள். காற்று ஊடே போக இடம் விட்டு, கதவைத் தட்டுகிற மாதிரிக் குட்டித் தட்டல்கள் வைத்தாள். முடிவில் மேலே ஏறும் ஒரு வால். டொக், டொக்டொக், வீ…ய்ங்! தூரத்தில் நௌஃபர் இரண்டு கையையும் உயர்த்திக் குதித்தான். லெப்டொப் கீபோர்ட் முழுக்கச் சீனி.

அதன்பிறகு நௌஃபர் வந்தால் நௌஃபர் என்று தெரிந்தது. எனக்கு வந்த பணிஸ் பையும் நின்றது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆட்கள் பாணை வாங்கினார்களே தவிர, சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்தவர் இல்லை. "அவங்களுக்குப் பாண் வந்தா போதும் சாச்சி" என்று ஒருநாள் நிஃப்லா சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் உள்ளே நொந்திருந்தாள்.

போன மாதம் ஒரு காலை, மழையில் நனைந்து ஸ்பீக்கர் செத்துவிட்டது. நௌஃபர் ஊமையாக ஒழுங்கைக்குள் வந்தான். நிஃப்லா வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றாள், நான் அவள் பக்கத்தில். தன் வீட்டு வாசல் படலைக்குள் நின்ற அஸீஸா மாமி ஓட்டோவைக் கண்டாள். அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கவேண்டுமே! "பாண் வந்திட்டு" என்று கத்தவில்லை. கையை வாய்க்குக் குவித்து, "டொக்! டொக்டொக்! வீ…ங்!" என்றாள். அடுத்த வீட்டில் எடுத்தார்கள், அதற்கடுத்த வீட்டில் பிள்ளைகள் எடுத்தார்கள், கடற்கரை முனைவரைக்கும் சத்தம் வாய்வாயாகப் போனது. கதவுகள் திறந்தன.

நிஃப்லா பஸ்ஸை விட்டுவிட்டு ஓடினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மாமி, கடைசியில இன்னுங் கொஞ்சம் மேல ஏறோணும்!"

"ஏத்துறன் மகள்" என்றாள் அஸீஸா மாமி. "நீ ஒருக்காச் சொல்லிக் காட்டு."