கிரிட்டிகல் என்று எழுதிய கை

எங்கள் லிஃப்ட் கம்பெனி மெக்கானிக் ஒரு சொல்லில் மட்டும் மகா கஞ்சன். லிஃப்டைச் சோதித்ததும் ஓர் அட்டையில் அதன் நிலைமையை எழுதிக் கதவில் மாட்டுவோம். ‘சீரியஸ்’ என்றால் சீக்கிரம் பழுது பார்க்க வேண்டும், அதுவரை ஓடலாம். ‘கிரிட்டிகல்’ என்றால் உயிருக்கு ஆபத்து, உடனே பூட்டு. பூட்டியவனே வந்து திறந்தால்தான் உண்டு. லேசாகக் கத்துகிற ரோலருக்கெல்லாம் யாராவது ‘கிரிட்டிகல்’ எழுதினால், அட்டையைக் கிழித்து மூஞ்சியில் எறிவான்.

அவன் மச்சினன் ஓர் அடுக்குமாடியில் காவலாளி. அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஐந்தாம் மாடிக்காரர். அவர் காரில் கீறல் விழுந்ததும், விசாரிக்காமலே இவனைத் தூங்குமூஞ்சி என்று எல்லோர் முன்னாலும் திட்டிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். கீறியது அவர் மகன்தான் என்று பிறகு தெரிந்தது. மன்னிப்பும் இல்லை, வேலையும் இல்லை. மச்சினன் அக்கா வீட்டில் சுருண்டு கிடந்தான்.

“என் தம்பி தலைகுனிஞ்சு கெடக்கான். நீங்க அந்தாளு லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுட்டு வர்றீங்க!” என்று வெடித்தாள் மனைவி.

அடுத்த சர்வீஸில், ஒரு குறையும் இல்லாத அந்தக் கட்டடத்தின் ஒரே லிஃப்டில் மெக்கானிக் ‘கிரிட்டிகல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பூட்டினான்.

“அவ்வளவு மோசமாப்பா?” என்றார் செயலாளர்.

“உயிர் பிரச்சனை சார். பார்ட்ஸ் வரணும்.”

அவருக்கு முழங்கால் வலி வேறு. டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த ஆளுக்கு நன்றாக வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அவர் மூச்சு வாங்குவதைக் கண்குளிரப் பார்க்க, சில நாள் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு போனான். நாலாம் மாடித் திருப்பத்தில் மச்சினன்தான் இருந்தான். தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். செயலாளர் வீட்டைவிட்டு இறங்குவதே இல்லையாம். சாமான் தூக்க தினக்கூலிக்கு ஆள் தேவைப்பட்டதும் இவனைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

“லிஃப்ட் ரெடியாகிற வரைக்கும்தானாம் மாமா” என்றான். கால் வெடவெடவென்று நடுங்கியது.

மெக்கானிக்குக்கு முகம் செத்துப்போயிற்று. “இப்பவே தொறந்து விடறேன்டா” என்று சாவியை எடுத்தான்.

மச்சினன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயையோ, வேணாம் மாமா. இந்த மாசம் பூரா அது கெட்டே கெடக்கட்டும்.”