சூரியனுக்குப் போன டப்பா

நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஹவுராவில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இருபது வருடமாக உலைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள், சூரியனை நெருங்குகிற விண்கலம் எப்படிக் கருகாமல் தப்பிக்கிறது என்று பள்ளிக் கண்காட்சிக்கு மாடல் செய்தபோது, சூட்டைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நினைத்துவிட்டேன்.

ஒரு தகர டப்பாதான் கலம். ஹாலோஜன் விளக்கு சூரியன். டப்பாவுக்கு முன்னால் மட்டும் ஒரு கேடயம். உள்ளே கருவிகள் ஓடுவதாகக் காட்ட ஒரு சின்ன பல்பு, பக்கத்தில் ஒரு துண்டு சாக்லேட். அரைமணி நேரம் அது உருகாமல் இருந்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். அந்த ஒரு மாதம் அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கேடயத்துக்கு உலையைச் சுற்றிப் போர்த்துகிற, தீப்பிடிக்காத வெள்ளைக் கம்பளியைப் பட்டறையில் கேட்டு வாங்கி வந்தேன். அதில் ஒரு துண்டை வெட்டி முன்னால் மட்டும் ஒட்டினாள். நான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்.

"பின்னாடி திறந்து கிடக்கே கண்ணு, சூடு சுத்தி வந்துடாதா?"

"முன்னாடி நிழல் விழுந்தா போதும்பா. உள்ள இருக்கிற சூடு பின்னாடி வழியாத்தான் போகணும். நீ கை வைக்காதே."

வைத்தேன். கண்காட்சி அன்று காலையில் அவள் குளிக்கப் போனதும், மிச்சக் கம்பளியை டப்பாவைச் சுற்றிலும் போர்த்தி, பட்டறை வழக்கப்படி கம்பியை முறுக்கிக் கட்டி, அட்டைப்பெட்டியை மூடிவிட்டேன்.

பள்ளியில் பெட்டியைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். நகத்தால் கம்பியைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவிழ்த்துவிடச் சொன்னாள். இருக்கட்டும், நல்லதுக்குத்தான் என்றேன். அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள்.

அரைமணி கழித்துத் திறந்தால் சாக்லேட் குழம்பாகக் கிடந்தது. எதற்கு இப்படிச் சுற்றிலும் மூடினாய், பல்பின் சூடு எங்கே போகும் என்று நடுவரம்மா வங்காள மொழியில் கேட்டார். தன் தப்புதான் என்று அவள் சொன்னாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உலையில அந்தக் கம்பளியை எதுக்குப்பா சுத்துறீங்க?"

"சூடு வெளிய போகாம இருக்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வருடமும் கண்காட்சி வந்தது. டாலிகஞ்சில் தோழி வீட்டில் வைத்து மாடல் செய்தாள். என்ன மாடல் என்று என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் அங்கே கிளம்பியவளிடம், எத்தனை மணிக்கு வருவாய், ஆட்டோவில் தனியாக வராதே, தண்ணீர் எடுத்துக்கொண்டாயா என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.