என் கேஸுக்கு நானே மேற்பார்வை

“வலது கால் பெருவிரலை மேலே தூக்குங்க” என்றார் டாக்டர்.

தூக்கினேன். தூக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தால் விரல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. எனக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். இருபது வருஷமாக மற்றவர்களின் கால் விரல்களைப் பார்த்தவள் நான். தூக்கியதாக மனம் அடித்துச் சொல்லும், விரல் அசையாமல் இருக்கும் என்பதை எந்த நோயாளியும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருப்பார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருப்பேன்.

நடந்தது இதுதான். எழுபதுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம். ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில், மர மில்லில் விரல் போன ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். காரிலிருந்து இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள், பனிக்கு அடியில் இருந்த கண்ணாடிபோன்ற ஐஸில் வழுக்கி, முழங்காலின் வெளிப்பக்கம் நடைபாதைக் கல்லில் மோதியது. எலும்பில் சின்ன முறிவு. அது கூடிவிடும் என்றார்கள். ஆனால் அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு போகும் பெரோனியல் நரம்பு (பாதத்தை மேலே தூக்கவைக்கும் நரம்பு) நசுங்கியிருந்தது. அதனால் எனக்கு வந்தது பாதத் தொய்வு (பாதத்தின் முன்பக்கம் தூக்க முடியாமல் தொங்கிப்போவது).

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. ஜெர்மனியில் வேலையிடத்திலோ வேலைக்காகப் போகும் வழியிலோ அடிபட்டால், முதலாளிகள் பணம் கட்டி நடத்தும் காப்பீட்டுச் சங்கம் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கும். எங்கள் சங்கத்தில் சில செவிலியர் இருந்தார்கள். அடிபட்டவரின் வீட்டுக்குப் போய், காயம் ஆறுகிறதா, பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா, எப்போது எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று பார்ப்பார்கள். டாக்டருக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று பேசுவதும் அவர்கள்தான். அந்தச் செவிலியரை மேற்பார்வை செய்பவள் நான். பாளையங்கோட்டையில் நர்சிங் படித்து, அறுபதுகளில் இங்கே வந்து, எலும்பு முறிவு வார்டில் வருஷக்கணக்கில் நின்று, அப்புறம் கிடைத்த பதவி. இந்தியாக்காரி ஜெர்மன் நர்சுகளை மேய்ப்பதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும் என்று என் வேலையைப் பார்த்தேன்.

அந்த வேலைக்குக் கார் ஓட்டியே ஆக வேண்டும். புதிய செவிலியருடன் ஊர் ஊராகப் போய், அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் மேற்பார்வை. பிரேக்கை மிதிப்பது வலது கால். அது திரும்பி வராவிட்டால் என் பதவி போய்விடும். நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் புரட்டும் ஆளாகிவிடுவேன்.

“நரம்பு அறுந்துபோகல, நசுங்கித்தான் இருக்கு” என்றார் டாக்டர். “அடிபட்ட இடத்துலேருந்து கீழ்நோக்கித் திரும்ப வளரும். நகம் வளர்ற மாதிரி, ரொம்ப மெதுவா. அது வந்து சேர்ற வரைக்கும் தசை காத்துட்டிருக்கணும். தசைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.”

பிறகு முழங்காலுக்குக் கீழே ஒரு விரலால் தட்டினார். பாதத்தின் மேல் எறும்பு ஊர்ந்ததுபோல் சுருக்கென்றது. “எந்த இடத்துல தட்டினா இந்தச் சுருக் வருதோ, நரம்பு அது வரைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லி அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம். சொந்தக் காலில் பார்க்கும்போது அதிசயமாக இருந்தது. என் உடம்புக்குள் ஒன்று நடந்து வருகிறது, அது எங்கே வந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தட்டிக் கேட்கலாம்.

வேலை நேரத்தில் அடிபட்டதால் என் கேஸும் எங்கள் சங்கத்திடமே வந்தது. பொறுப்பு இங்கிரிட்டுக்கு. என்னிடம் பயிற்சி பெற்றவர்களில் கடைசியாக வந்தவள். முப்பது வயதுகூட இருக்காது, அதிகம் பேச மாட்டாள். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

“ராத்திரி தூக்கம் எப்படி, ஃப்ராவ் தேவராஜ்?” (ஃப்ராவ் என்றால் திருமதி.)

“தூக்கத்தை அப்புறம் கேளுங்க. முதல்ல வலி.”

“சரி. வலி எப்படி இருக்கு?”

“எப்படின்னு கேட்டா எல்லாரும் பரவாயில்லைன்னுதான் சொல்வாங்க, இங்கிரிட். எப்ப வருது, என்ன பண்ணினா போகுதுன்னு கேக்கணும்.”

அவள் தலையாட்டிவிட்டு அப்படியே கேட்டாள். நான் பதில் சொன்னேன். என் கணவர் தேவராஜ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேதியியல்காரர். சமையலறையில் காபி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவள் போன பிறகு வந்து, “எஸ்தர், நீ இங்க பேஷண்டா, எக்ஸாமினரா?” என்றார்.

“அவ கத்துக்க வேண்டாமா?”

“நல்லா கத்துக்கட்டும். உன் கால் என்ன ஆச்சுன்னு யார் கத்துக்கறது?”

நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருகையிலும் அதே கூத்துதான். படிக்கட்டைப் பற்றிக் கேட்க மறந்தால் ஞாபகப்படுத்தினேன். கேட்டதும் ஏறி இறங்குகிறேன் என்றேன். ரொட்டிக் கடைக்குப் போகிறீர்களா என்றாள். தினமும் போகிறேன் என்றேன். இதில் எதுவும் பொய் இல்லை. எப்படிப் போகிறேன் என்பதைத்தான் அவள் கேட்கவில்லை, அந்தக் கேள்வியை மட்டும் நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. எந்தப் பதிலைச் சொன்னால் அறிக்கையில் என்ன வரும் என்பது எனக்கு அத்துபடி. அந்த அறிக்கைகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

வசந்தம் வந்ததும் எங்கள் பிரிவுத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். இங்கிரிட்டின் குறிப்புகள் பிரமாதமாக இருக்கின்றன, எல்லாம் நன்றாகப் போகிறது, அவள் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே மெதுவாக வேலைக்குத் திரும்பலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குத் திரும்பும் சந்தோஷம் ஒரு பக்கம், நான் பயிற்சி கொடுத்த பெண் இவ்வளவு நன்றாக எழுதுகிறாளே என்ற பெருமை ஒரு பக்கம்.

அந்த வாரமே இங்கிரிட் வந்தாள். இந்த முறை பையைத் திறக்கவில்லை.

“இன்னைக்குக் கேள்வி எதுவும் கேக்கப் போறதில்லை” என்றாள். “கீழே தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வாங்க. கதவைத் திறந்தே வைங்க. நான் இங்கயே இருக்கேன்.”

“கூட வந்து பாக்க வேண்டாமா?”

“வேண்டாம்.”

எங்கள் வீடு மூன்றாவது மாடி. இறங்கினேன், பெட்டியைத் திறந்து மூடினேன், ஏறினேன். திரும்பி வந்தபோது அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

“ஒவ்வொரு படியிலயும் வலது ஷூவோட நுனி உரசுது” என்றாள். “ரெண்டாவது மாடியில ஒரு தடவை தடுக்கிச்சு, கைப்பிடியைப் பிடிச்சிட்டீங்க. தளத்துல நடக்கும்போது பாதம் பட்டுன்னு அடிக்குது. நடக்கிறதைப் பாத்தா இது தெரியாது. நான் பாக்கும்போது நீங்க முட்டியை உயரத் தூக்கிச் சமாளிச்சிடுறீங்க.”

கோபம் வரவேண்டிய நேரம். ஆனால் என் புத்தி வேறு பக்கம் போனது. இப்படிப் பரிசோதிக்க நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

“இது யார் சொல்லிக்கொடுத்தது?”

“யாரும் இல்ல. எங்கப்பா போர்லேருந்து வந்தப்ப அவருக்கும் இதே கால். டாக்டர் கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்வார். ஆனா சாயங்காலம் அவர் படியேறுற சத்தம் எங்க எல்லாருக்கும் கேக்கும். பால் வண்டி ஓட்டினார். ஒரு நாள் ஷூ நுனி பிரேக்குக்கு அடியில மாட்டிக்கிச்சு. சுவர்ல மோதினதோட போச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் அவர் வண்டியைத் தொடல. எங்களோட பேசறதும் குறைஞ்சுபோச்சு.”

“நான் ஜாக்கிரதையா ஓட்டுவேன், இங்கிரிட்.”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நான் உங்க மேற்பார்வையாளர்.”

“இந்தக் கேஸ்ல இல்ல, ஃப்ராவ் தேவராஜ்.”

சொல்லும்போது அவள் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னாள், ஆனாலும் சொல்லிவிட்டாள். அவள் போன பிறகு நான் சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். தேவராஜ் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். அவர் கேட்டுவிட்டு, “அவ சொல்றது கரெக்ட்தானே?” என்றார். அன்று அவருக்கு ரசம் மட்டும்தான்.

அப்புறம் நிஜமான சிகிச்சை தொடங்கியது. அதுவரை நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி நான் தள்ளிவிட்டிருந்ததெல்லாம் வந்து சேர்ந்தது. ஷூவுக்குள் வைக்கும் பாதத் தாங்கி (பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ளும் பட்டை). வாரத்தில் பல நாள் மின்தூண்டல் (நரம்பு வந்து சேரும்வரை தசை சுருங்கிப்போகாமல் இருக்கச் சிறு மின்சாரம் கொடுத்து இயக்குவது). அந்த இயந்திரம் ஓடும்போது என் பாதம் நான் கேட்காமலே துள்ளும். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இங்கிரிட்டின் கேள்விகளை நான் திருத்துவதும் நின்றது. வாயை மூடிக்கொண்டு நோயாளியாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இதைப் படிப்பவர்களில் மருத்துவம் தெரிந்த நோயாளிகள் இருந்தால் ஒன்று சொல்வேன். உங்களுக்குத் தெரிந்தது உங்களுக்கு உதவாது. அதை வைத்துக்கொண்டு உங்களையே ஏமாற்றிக்கொள்ளத்தான் வசதியாக இருக்கும்.

சோறு வேகும்போது முக்காலியில் உட்கார்ந்து முழங்காலின் கீழே தட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. சுருக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. தேவராஜ் கிராஃப் போடுகிறேன் என்று கிளம்பினார். என் காலை ஆய்வுக்கூடம் ஆக்க வேண்டாம் என்று விரட்டினேன். பிறகு கோடையில், கெண்டைக்காலின் பாதியில், அது நின்றுவிட்டது. ஒவ்வொரு வாரமும் தட்டினேன். அதே இடம். டாக்டர் தசைநாண் மாற்று அறுவையைப் பற்றி (வேறொரு தசையின் நாணைக் கொண்டுவந்து பாதத்தின் மேல் தைப்பது) பேச ஆரம்பித்தார். இலையுதிர் காலம் வரை பார்க்கலாம், அதற்கு மேல் தசை தாங்காது என்றார். அந்த மாதங்களில் நான் நிறைய அழுதேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காலை நீட்டி வைத்திருந்தேன். கணுக்காலின் முன்பக்கம் தோலுக்கு அடியில் ஒரு கயிறு மெல்லப் புடைத்து அடங்கியது. பாதம் ஒரு நூலளவு மேலே வந்தது.

“இங்க வாங்க, சீக்கிரம்” என்று கத்தினேன். தேவராஜ் ஓடிவந்து குனிந்து பார்த்தார். எவ்வளவு முயன்றும் அசையவில்லை. “வெங்காயத்துல கண்ணு கலங்கிப் பாத்திருப்ப” என்றார். அடுத்த முறை இங்கிரிட் வந்தபோது கணுக்காலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் தூக்கினேன். அவள் முகம் மாறியது. “இருக்கு” என்றாள். அறுவைப் பேச்சு அத்துடன் நின்றது.

அடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் பெரிய முற்றத்துக்கு என்னை அழைத்துப் போனாள். வண்டியை என்னிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் சம்மதித்துவிட்டார், ஆனால் தானே பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வலது பாதத்தை நினைத்துக்கொண்டே சுற்றினேன். இப்போது தூக்கு, இப்போது நகர்த்து, இப்போது மிதி. ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன், ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் ஒரு யோசனை. இரண்டு சுற்று முடிந்ததும் அவள் தன் அம்மா செய்யும் பிளம்ஸ் கேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மாவை எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பாதி வாக்கியத்தில், “நிறுத்துங்க” என்றாள்.

வண்டி குலுங்கி நின்றது. எஞ்சினும் நின்றுவிட்டது. கீழே பார்த்தேன். வலது பாதம் பிரேக்கின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. கிளட்சை மிதிக்க மறந்தது நல்ல கால், ஒரு நாளும் அடிபடாத இடது கால்.

“இடது காலுக்கு ஒரு கேஸ் திறக்கணுமா?” என்றாள் இங்கிரிட்.

சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நகம் வளரும் வேகத்தில் பனியும் வெயிலும் தாண்டி வந்து சேர்ந்த நரம்பு, இன்று என்னையே முந்திக்கொண்டு போயிருக்கிறது. அது வருவதற்குக் காத்திருந்தபோது ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்று அது பிரேக்குக்குப் போன நேரத்துக்கு நீளமே இல்லை.

“போதும், கையெழுத்துப் போடுறேன்” என்றாள் இங்கிரிட். “வீட்டுக்கு நீங்களே ஓட்டுங்க.”

கைக்குட்டையைத் தேடினேன். அன்று வீடு வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். கால் சரியாகத்தான் இருந்தது, எனக்குக் கண்தான் தெரியவில்லை.