கேமராவுக்கு வைத்த பொட்டு

குமுதாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. தகுதி உள்ளவர்கள் யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால், ஒரு பூக்கடையின் மாடியில் என் டிராவல்ஸ் இருக்கிறது. டிக்கெட் போடுவோம், இந்தியாவுக்கு விசா எடுத்துக் கொடுப்போம், விசாவுக்கான படத்தையும் அங்கேயே எடுப்போம். என் பெயர் சோலையப்பன். கோபக்காரன் என்று சாலை முழுக்கப் பெயர். கோபம் வந்தாலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். திட்டு வாங்குகிறவர்களின் மனசில் அது என்ன ஆகிறது என்று நான் கேட்டதில்லை.

குமுதா கிள்ளான் பக்கம் பண்டமாரானிலிருந்து வருகிறவள். புருஷன் பாலன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறான். கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை ஆள் குறைத்தபோது இவளையும் அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். நான் திட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் செய்வதைப் பின்னால் நின்று பார்த்து, ஒரு வருஷத்தில் என்னைவிட வேகமாகச் செய்ய ஆரம்பித்தாள். யூஎஸ்பி கேமரா ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, வெள்ளைத் துணி கட்டிப் படம் எடுக்கலாம் என்ற யோசனை அவளுடையது. அந்த ஸ்டூலில் உட்காருகிறவர்களை அவள் நிமிர்த்துகிற விதமே தனி. நெற்றியில் விழும் முடியை ஒதுக்குவாள், காது தெரிய வைப்பாள். "சிரிக்காதீங்க அக்கா, விசாவுக்குச் சிரிப்பு ஆகாது. நேரா பாருங்க, கண்ணு தெரியணும்" என்பாள். அந்தக் கேமராவில் அவள் எடுத்த படம் ஒன்றுகூட விசா ஆபீஸிலிருந்து திரும்பி வந்ததில்லை.

போன ஆயுத பூசை ஒரு புதன்கிழமை வந்தது. முதல் நாளே குமுதா எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். பூசையை நான்தான் செய்தேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டேப்ளர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. கேமராவைக் கழற்றி சரஸ்வதி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தேன். கேமராவுக்கு ஒரு பொட்டு வைத்தேன். அதன் வயர் முனையில் பளபளவென்று ஒரு பிளக் இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவிட்டால் எப்படி? பன்னீரில் கரைத்த சந்தனம் சற்று நீர்த்திருந்தது. அதைத் தொட்டு அந்தப் பிளக்கின் வாயிலும் நன்றாக வைத்தேன். இந்த நிமிஷத்தைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கேமராவை மாட்டினேன். கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியவில்லை. குமுதா வேறு போர்ட்டில் மாட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். என் லேப்டாப்பிலும் சொருகிப் பார்த்தாள்.

"லிஸ்ட்ல பேரே வரல பாஸ். லேப்டாப்லயும் வரல. கேமராவோ வயரோதான் போயிருக்கணும்."

ஜெஞ்சாரோமிலிருந்து வந்த இரண்டு அக்காமார் படத்துக்காகப் பட்டுப்புடவையோடு காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பேர். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஈரத் துணியால துடைச்சியா இல்லையா?"

"துடைச்சேன் பாஸ். லேசாத்தான்."

"லேசாவா? கரன்ட் சாமானை ஈரத்துல துடைக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒன்பது வருஷமா என்னத்த கத்துக்கிட்ட? கூட்டிப் பெருக்க வந்தவளை கம்ப்யூட்டர்ல உட்கார வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அத்தனை பேருக்கு முன்னால் இதைச் சொன்னேன். அவள் தன் கைப்பேசியில் அந்த அக்காமாரைப் படம் எடுத்தாள். அது மங்கலாக வந்தது. சனிக்கிழமை இரண்டு படங்களும் சரியில்லை என்று திரும்பி வந்தன. அதற்கும் அவள்தான் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜீவன் வந்தான். குமுதா பாஸ்போர்ட்டுகளை அனுப்பத் தபால் நிலையத்துக்குப் போயிருந்தாள். அவன் கைப்பேசி வெளிச்சத்தைப் பிளக்கின் வாய்க்குள் அடித்துப் பார்த்தான். பல் குச்சியால் சுரண்டினான். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

"சந்தனம் லா, பாஸ். உள்ள போய்க் காஞ்சு கிடக்கு. பொட்டு வச்சீங்க சரி, மொட்டை போட்டுக் காது குத்தியாச்சா?"

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மாட்டினான். டிங் என்று சத்தம் வந்தது. திரையில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"இதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதே" என்று அவனை அனுப்பினேன்.

குமுதா படியேறி வந்தாள். கேமராவின் விளக்கு எரிவதைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"சரியாயிடுச்சா பாஸ்? என்னவாம்?"

சொல்லியிருக்கலாம். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஆனால் ஐந்து நாளாக நான் போட்ட சத்தமெல்லாம் எனக்கே திரும்பி வருமே என்று கூச்சமாக இருந்தது. வேலைக்கு வந்தவளிடம் முதலாளி தப்பை ஒத்துக்கொள்வதா என்ற திமிரும் இருந்தது. அதை மறைத்து எழுதி என்ன பயன்?

"ஈரம்தான். காஞ்சிடுச்சு" என்றேன்.

"இனிமே துணியே படாம பாத்துக்கிறேன் பாஸ்" என்றாள்.

அன்றிலிருந்து கேமராவைத் தொடுவதற்கு முன்னால் என்னைக் கேட்க ஆரம்பித்தாள். "கொஞ்சம் திருப்பலாமா பாஸ்?" "ஏத்தலாமா பாஸ்?" அவள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வியாழக்கிழமை அவள் மகள் புனிதாவுக்கு ஷா ஆலாமில் கொன்வோ, பட்டமளிப்பு விழா. வீட்டிலேயே முதல் பட்டம். ஒரு மாதத்துக்கு முன்பே லீவு சொல்லி, புடவை எடுத்து, அதை எனக்கும் காட்டியிருந்தாள். புதன்கிழமை சாயந்திரம் வந்து நின்றாள்.

"நாளைக்கு வரேன் பாஸ். தீபாவளிக் கூட்டம் இருக்கு. என்னால ஏற்கெனவே வேலை கெட்டுப்போச்சு. கொன்வோவுக்கு அவங்க அப்பா போவாரு."

தடுக்க ஒரு வார்த்தை போதும். நான் "உன் இஷ்டம்" என்றேன்.

வியாழக்கிழமை அவள் கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்து, விழாவை நேரலையில் ஓடவிட்டுக்கொண்டே வேலை பார்த்தாள். பதினொன்றரை மணிக்கு ஒரு ஆன்டியின் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, மலாயில் "புனிதா அனாக் பெரெம்புவான் பாலன்" என்று பாலன் மகள் புனிதாவைக் கூப்பிட்டது கேட்டது. சீப்போடு ஓடி வந்தாள். அதற்குள் வேறு பிள்ளை மேடையில் இருந்தது. குமுதா திரும்பிப் போய் ஆன்டியின் தலையைச் சீவி முடித்தாள். நான் டிக்கெட் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிறியவனாக உணர்ந்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை, காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்காக எனக்கே விசாப் படம் தேவைப்பட்டது. வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நான்கு பேர் காத்திருந்தார்கள்.

"கேமராவைக் கொஞ்சம் இறக்கலாமா பாஸ்?" என்று கேட்டாள் குமுதா.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அது ஈரம் இல்ல குமுதா" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நான் வச்ச சந்தனம். பிளக்குக்குள்ள போய்க் காஞ்சிருந்துச்சு. உன் மேல தப்பில்ல."

அவள் கேமராவிலிருந்து கையை எடுத்தாள்.

"சத்தமா சொல்லுங்க பாஸ். அன்னிக்குச் சத்தமாத்தான் சொன்னீங்க."

காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் சத்தமாகவே சொன்னேன். கேமரா கெட்டது என்னால். குமுதா மேல் ஒரு தப்பும் இல்லை. அவளைத் திட்டியது தப்பு. மன்னித்துக்கொள் குமுதா. ஒருவர் சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஜீவன் வந்த அன்னிக்கு. செவ்வாய்க்கிழமை."

"என் மவ கொன்வோ வியாழக்கிழமை" என்றாள்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. என்னைக் கேட்காமலே கேமராவை இறக்கி, என் நெற்றிக்கு நேராகத் திருப்பினாள்.

"நேரா பாருங்க பாஸ். கண்ணு தெரியணும்."

மூன்று தடவை எடுத்தாள். மூன்றிலும் நான் கீழேதான் பார்த்திருந்தேன்.