தூசு இல்லாத பெட்டி

சி.பி.யூ.வின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் ஜெயபுஷ்பம் உள்ளே பார்க்க மாட்டார். விசிறி இறக்கையில் ஆள்காட்டி விரலைத் தேய்த்து, ஒட்டிய தூசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சாம்பல் நீலமாக, பஞ்சுபோல் திரண்டிருந்தால் தோல் பட்டறைத் தூசு. வெள்ளையாக இருந்தால் சத்துவாச்சாரிப் பக்கம், இன்னும் வீடு கட்டி முடியாத தெரு. உமியும் நார்களும் கலந்திருந்தால் திமிரியின் நெல் மில் பக்கம். அதன் பிறகுதான் வந்தவரிடம் வாயைத் திறப்பார்.

அச்சகம் வைத்திருக்கும் சத்தார், கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று சொல்லத் தொடங்கியபோது, ஜெயபுஷ்பம் விரலைப் பார்த்துக்கொண்டே, "பின்னாடி ஷெட்டுல தோலு தேய்க்கிறாங்களா பாய்?" என்று கேட்டார். சத்தார் மீதிக் கதையைச் சொல்லவில்லை.

ஆம்பூர் பஜாரில், ஜிப்பும் பக்கிளும் விற்கும் கடைக்கு மேலே அவருடைய ரிப்பேர் கடை. வயது நாற்பத்தெட்டு. பதினான்கு வருடம் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தார். அங்கே மிஷின் பழுதானால் சென்னையிலிருந்து ஆள் வர மூன்று நாள் ஆகும். இரண்டாம் நாள் இவரே திறந்துவிடுவார். அப்படிக் கற்றதுதான். வாடிக்கையாளர்கள் சொல்வதை முழுக்கக் கேட்பார், பாதியைத் தள்ளிவிடுவார். "சொல்றது ஜாஸ்தி, பாக்கறது கம்மி" என்பது அவர்களைப் பற்றிய அவருடைய கணிப்பு. கடையில் கடவுள் படம் எதுவும் கிடையாது. பழுதான விசிறிகள் மட்டும் ஆணியில் வரிசையாகத் தொங்கும். ஏன் என்று கேட்டால், தூக்கிப் போட நேரம் கிடைக்கவில்லை என்பார்.

அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. நான் அருகிலிருந்து பார்த்த ஒரே பழுதில் அவர் மூன்று முறை தவறினார்.

அது நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் காசிநாதனின் மகள் சௌமியாவின் மிஷின். காசிநாதன் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவர். சௌமியா ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பார்சல் பட்டியல் போடுகிறாள். மாலை வீட்டுக்கு வந்ததும் விளையாட உட்கார்ந்துவிடுவாள். மிஷின் வாங்கிய முதல் ஆறு மாதம் சின்னச் சின்ன விளையாட்டுகள். பிறகு கோயம்புத்தூர்க்காரர்கள் நான்கு பேருடன் ஒரு குழுவில் சேர்ந்து, பெரிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றைத் தொடங்கினாள். அன்று முதல், இருபதாவது நிமிடத்துக்குள் மிஷின் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்தது. இரண்டு போட்டிகளில் அவள் நடுவிலேயே காணாமல் போனாள். வரும் ஞாயிறு நான்கு மணிக்குத் தேர்வுச் சுற்று. அதிலும் காணாமல் போனால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று குழுத் தலைவன் செய்தி அனுப்பியிருந்தான். சௌமியா அதை எனக்குக் காட்டினாள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்.

முதல் முறை மிஷினை என் ஸ்கூட்டரில்தான் கொண்டுபோனோம்; காசிநாதனும் சௌமியாவும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். ஜெயபுஷ்பம் தகட்டைக் கழற்றி விரலைத் தேய்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி தேய்த்தார்.

"வாங்கி எத்தினி மாசம்?"

"எட்டுக்கா" என்றாள் சௌமியா.

"ஏசி ரூமா?"

"இல்லக்கா."

ஜெயபுஷ்பம் காசிநாதனைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்கண்ணா" என்றார். அந்தக் கடையில் அதுவரை யாரும் கேட்டிராத சொல். காசிநாதன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் குனிந்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

தூசு இல்லை என்றால் சூடு இல்லை, சூடு இல்லை என்றால் மின்சாரம் தரும் பெட்டிதான் கோளாறு என்று முடிவுசெய்து அதை மாற்றினார். சௌமியாவைக் கடையிலேயே உட்காரவைத்து, பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை விளையாடச் சொன்னார். ஒருமுறைகூட அணையவில்லை. வீட்டில் பத்தொன்பதாவது நிமிடம் அணைந்தது.

இரண்டாம் முறை ப்ராசஸரின் மேல் சூட்டைக் கடத்தும் புதுப் பசை தடவினார், மெமரியைக் கழற்றி மாட்டினார். மறுபடி கடையில் மூன்று மணி நேரம் ஓடியது, வீட்டில் மறுபடி அணைந்தது. வீட்டு கரண்டில்தான் கோளாறு என்றார். எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்டை மாற்றினார். அன்று மாலை பதினேழு நிமிடம்.

சனிக்கிழமை பிற்பகல் ஜெயபுஷ்பம் யாரும் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்தார். அறைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

சி.பி.யூ. ஒரு தோல் உறைக்குள் இருந்தது. தேன் நிற ஆட்டுத் தோல். மூலைகளில் தோலைச் சீவி மெலிதாக்கி மடித்து, இரட்டைத் தையல் போட்டிருந்தது. விளிம்புகளுக்குச் சாயம், உள்ளே மெல்லிய லைனிங். ஸ்விட்சுக்கு அளவாக ஒரு வட்டம், வயர்களுக்கு அளவாக ஒரு சதுரம். மற்ற எங்கும் ஓர் ஊசி நுழைய இடமில்லை. மிஷின் வந்த முதல் வாரமே காசிநாதன் தைத்தது. நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று சொல்லவும் சொல்லியிருக்கிறேன்.

"இது எப்பவும் மேலயே இருக்குமா?" என்று கேட்டார் ஜெயபுஷ்பம்.

"எப்பவும் மேடம். ஒரு பொட்டு தூசு உள்ள போவாது" என்றார் காசிநாதன்.

"கடைக்கி எடுத்துனு வர்றப்ப?"

"கழட்டி வச்சிட்டுதான் எடுத்துனு வருவோம். உங்க கடையில கிரீஸு, அழுக்கு. தோலுல கறை பட்டா போவாது மேடம்."

ஜெயபுஷ்பம் சௌமியாவை விளையாடச் சொன்னார். பதினெட்டாவது நிமிடம் மிஷின் அணைந்தது. உறையைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்து, சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, மறுபடி விளையாடச் சொன்னார். ஐம்பது நிமிடம் ஆகியும் ஓடிக்கொண்டே இருந்தது. சௌமியா நிறுத்தினாள். யாரும் கட்டிலின் பக்கம் பார்க்கவில்லை.

"அப்போ நாந்தான் அணைச்சிட்டு இருந்தனா?" என்றார் காசிநாதன்.

"ஆமாண்ணா."

ஜெயபுஷ்பமே தொடர்ந்தார். "ரெண்டு வாட்டி தொறந்து பாத்தேன். தூசு போவலன்னா காத்தும் போவல, பெரிய கேமோட சூடும் வெளிய வரல. எனக்கே தோணல. உங்கள இன்னா சொல்றது."

காசிநாதன் அலமாரியிலிருந்து கத்தியை எடுத்தார். உறையைக் கிழித்துவிடும் எண்ணம் முகத்தில் தெரிந்தது. ஜெயபுஷ்பம் கத்தியைப் பிடுங்கவில்லை. தோலில் குறி போடும் வெள்ளிப் பேனாவைக் கேட்டு வாங்கி, உறையை மடியில் விரித்து, முன்னால் இரண்டும் மேலே ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, காற்று போகும் இடங்களில் வட்டங்கள் வரைந்தார். அவ்வளவு பெரிய ஓட்டை எதற்கு, ஆபீஸ் ஷூவின் நுனியில் போடுவதுபோல் பூவேலையாகப் பொடித் துளைகள் போட்டுத் தருகிறேன் என்று காசிநாதன் பேரம் பேசினார். "டிசைன ஷூவுக்குப் போட்டுக்கோங்க" என்றார் ஜெயபுஷ்பம். காசிநாதன் நான்கு வட்டங்களையும் வெட்டினார். வெட்டிய விளிம்புகளுக்கு மறக்காமல் சாயம் பூசினார்.

உறையைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். அணையவில்லை. ஆனாலும் சௌமியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. நாளைக்கு மட்டும் உறை வேண்டாம், சும்மா விட்டுவிடலாம் என்றாள். காசிநாதன் உடனே கழற்றப் போனார். ஜெயபுஷ்பம் தடுத்தார்.

"வீட்ல எப்படி இருக்குமோ அப்படியே ஓடணும். இல்லன்னா நா ரிப்பேர் பண்ணேன்னு சொல்லிக்க முடியாது. நாளைக்கி வர்றேன்."

இது அவருடைய பிடிவாதம். தோற்றால் இழப்பு சௌமியாவுக்குத்தான் என்பதை அவர் யோசித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு மூன்றே முக்காலுக்கு, சர்ச்சுக்குக் கட்டிய புடவையிலேயே வந்தார். சௌமியா ஹெட்போனை மாட்டியிருந்தாள். அவளுக்கு யார் வந்ததும் தெரியாது. காசிநாதனால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நான்கு மணி தாண்டியதும் ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து மிஷின் பக்கம் திருப்பி வைத்து, ஸ்விட்சைத் தேடிப் போனார். மிஷினுக்குக் கரண்ட் போகும் ஸ்விட்சும் சுவரில் அதே பலகையில், அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜெயபுஷ்பம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, ஸ்விட்சுப் பலகைக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தார். பலகை முழுவதும் புடவைக்குப் பின்னால் மறைந்துபோனது. காசிநாதன் ஃபேனை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வாசற்படியில் போய் நின்றுகொண்டார்.

பதினெட்டாவது நிமிடம் கடந்தது. இருபதும் கடந்தது. சௌமியா யாரோ ஒரு கோயம்புத்தூர்க்காரனைத் திட்டினாள். நாற்பத்திரண்டாவது நிமிடம் ஹெட்போனைக் கழற்றி, "செலக்ட் ஆயிட்டோம்ப்பா" என்றாள். காசிநாதன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜெயபுஷ்பம் எழுந்திருக்கவில்லை.

"இப்ப ஆஃப் பண்ணும்மா. இனி அதுவா அணையாது, நீயே பண்ணு, பாக்கலாம்" என்றார்.

சௌமியா மவுஸை நகர்த்தி அழுத்தினாள். திரை இருண்டது. உறைக்குள் விசிறியின் சத்தம் இறங்கி நின்றது. அதன் பிறகுதான் ஜெயபுஷ்பம் எழுந்து நாற்காலியைத் தள்ளி வைத்தார்.