தறிக்குழிக்குக் கதவு இல்லை

ஆசிரியர் ஐயா, நீங்கள் என் அப்பாவைப் பற்றிப் பொய் எழுதினீர்கள். தெரியாமல் எழுதவில்லை. என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினீர்கள்.

உங்கள் பெயரை இங்கே போடவில்லை. நம் மிஷன் பத்திரிகை வாங்குகிறவர்களுக்கு யாரென்று தெரியும். மற்றவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

நான் ஆரணிக்காரி. அப்பா பட்டு நெய்கிறவர், சாமி கும்பிடுகிறவர். நர்ஸ் படிப்பு படித்த இடத்தில் நான் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தேன். தொண்ணூற்றெட்டில் மிஷன் என்னைக் கம்போடியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. வீட்டில் சொன்னேன். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தறியில் உட்கார்ந்தபடி, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“அந்த ஊர்ல சோறு துன்றாங்களா, ரொட்டியா?”

“சோறுதான் நைனா.”

“அப்ப சரி.”

அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு. கிளம்புகிற அன்று என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தார். கண்டக்டரிடம், “பாத்து வைப்பா, கம்போடியா போற பொட்டி இது” என்றார். கண்டக்டர், “எங்க வண்டி மெட்ராஸோட நின்னுடும் பெரியவரே” என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

போன இடத்தில் முதல் நான்கு மாதம் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. கிராமத்தில் ஒரு சின்ன மருந்தகம். பிரசவம் பார்ப்பது, குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துவது, இதுதான் என் வேலை. வீடுகள் எல்லாம் மரக்கால்கள் மேல் உயரமாக நிற்கும். மழை தொடங்கினால் கீழே முழுக்கச் சேறு. கஞ்சி போட்ட காட்டன் புடவையில் அந்தச் சேற்றில் நடந்த பைத்தியக்காரி நான் ஒருத்திதான். ஒரு மாதத்தில் அங்கத்துப் பெண்கள் கட்டுகிற குட்டைத் துணிக்கு மாறினேன். ஊறவைத்த மீன் விழுதின் நாற்றம் முதலில் குமட்டியது. மூன்றாம் மாதம் நானே கேட்டு வாங்கிச் சோற்றில் பிசைந்தேன். அதிலெல்லாம் எனக்குக் கஷ்டமில்லை. கஷ்டம், யாரும் என்னோடு உட்காரவில்லை. மாத்திரை வாங்குவார்கள், கும்பிடுவார்கள், போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்தால் நானும் கோழிகளும்தான்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அங்கே அந்த வயதுப் பெண்களை ‘மிங்’ என்று கூப்பிட வேண்டும். நம் ஊர் சித்தி மாதிரி. ஒரு காலையில் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனேன். வீட்டுக்குக் கீழே, மரக்காலுக்கும் மரக்காலுக்கும் நடுவில் பட்டுப் பாவு, தறியில் ஏற்றுகிற நீள இழைகள், நீட்டிக் கட்டியிருந்தாள். வழியை மறித்துக்கொண்டிருந்தது. நான் துணி நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து, பாவுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனேன். யோசித்துச் செய்யவில்லை. ஆரணியில் காலை நேரத்தில் தெருவில் பாவு நீட்டியிருந்தால் குடிகாரன்கூட அதைத் தாண்டமாட்டான். குனிந்துதான் போவான்.

மிங் என்னையே பார்த்தாள். பிள்ளைக்கு மருந்து கொடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்துத் தறிப் பக்கம் இழுத்துப் போனாள். தறியில் தீர்ந்துபோன பாவின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பாவை அதோடு பிணைக்க வேண்டும். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, இரண்டையும் சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில். எங்கள் வீட்டில் அது என் வேலையாக இருந்தது. பத்து வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தார். வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வோம். நான் அடுப்பைக் காட்டினேன். மிங் எனக்குப் பசி என்று நினைத்துச் சோறு எடுத்து வந்தாள். சோற்றைத் தின்றுவிட்டுச் சாம்பலை நானே அள்ளிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் தறிக்கு அடியில் குழி இருக்கும், அதில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நெய்வோம். அங்கே குழி கிடையாது. உயரப் பலகையில் உட்கார வேண்டும். என் கால் பழக்கத்தில் குழியைத் தேடியதைப் பார்த்து மிங் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து பிணைத்தோம். இரண்டாம் நாள் ஏழெட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

“நீ ஊசி போடறவளா, நெய்யறவளா?” என்றாள் மிங்.

“அப்பா நெய்யறவர். நான் ஊசி.”

“கைக்கு ரெண்டு வேலை தெரியுது. உன் அப்பா நல்லா வளத்திருக்கார்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மிங் ஆறு பெண்களோடு வந்து என் பாயில் உட்கார்ந்தாள். ஜெபக்கூட்டம் அப்படித்தான் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது. என் பிரசங்கத்தைக் கேட்டு வந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அப்போது அவர்கள் பாஷையில் ஐம்பது வார்த்தை தெரிந்தால் அதிகம். அப்பா சொல்லிக்கொடுத்த விரல் வேலையைக் கர்த்தர் எடுத்துப் பயன்படுத்தினார். அதைத்தான் விசுவாசிக்கிறேன்.

ஐயா, விசுவாச அனுபவம் சொல்லும் சாட்சிப் பகுதிக்காக இதையெல்லாம் உங்களுக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். வீட்டில் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்டிருந்ததால் அப்பா பேசாத அந்த மூன்று நாளையும் எழுதினேன். நகல் எடுத்து வைக்க அந்தக் கிராமத்தில் வசதி இல்லை. அச்சான பத்திரிகையும் அங்கே வந்து சேரவில்லை.

கம்போடியா போய் இரண்டு வருடம் கழித்து விடுப்பில் ஆரணிக்கு வந்தேன். அப்பா கறி வாங்கி வந்தார், சமைக்கச் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கம்போடியாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் டீக்கடைக்கும் போகவில்லை. அந்தப் பழக்கம் எனக்குத் தெரிந்து ஒரு நாளும் தவறியதில்லை. மூன்றாம் நாள் தூக்கில் டீ வாங்க நானே போனேன்.

“நைனாவ வரச் சொல்லும்மா” என்றார் டீக்கடைக்காரர். “வந்து எவ்ளோ நாளாச்சு. நாங்க சும்மா வெளாட்டுக்குப் பேசிகினு இருந்தோம். அத்தப் போயி மனசுல வெச்சிகினாரு.”

“இன்னா பேசினீங்க?”

அவர் டம்ளரைக் கழுவ ஆரம்பித்தார். பெஞ்சில் இருந்த ஒருவர்தான் சொன்னார். “குழியில பூட்றதுக்குப் பூட்டு எந்தக் கடையில வாங்கினன்னு கேட்டோம்மா. வேற ஒண்ணும் இல்ல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்பா எழுந்து, ஜரிகை வைக்கிற டப்பாவுக்கு அடியிலிருந்து நம் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். சபைக்காரர் ஒருவர் பெருமையாகக் கொண்டுவந்து டீக்கடையில் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அதில் என் போட்டோ. நான் சொல்வது போல எழுதி, கீழே என் பெயர். “விக்கிரகங்களை வணங்கும் என் தந்தை என்னைத் தறிக்குழியில் தள்ளிப் பூட்டி, மூன்று நாள் பட்டினி போட்டார்.” பாவு இல்லை, மிங் இல்லை, சாம்பல் இல்லை. நான் பேசினேனாம், பெண்கள் அழுதார்களாம்.

“நீ எழுதினியா?” என்றார் அப்பா.

“இல்ல நைனா. சத்தியமா இல்ல.”

“குழியில எப்படிம்மா பூட்ட முடியும்? முட்டி ஆழம் கீது. அத்தக்கூடவா யோசிக்காம எழுதினா என் பொண்ணுன்னு நான் ராவும் பகலும் நெனச்சிகினு கீறேன்.”

அவரைக் குத்தியது இதுதான். பூட்டினார் என்பதை ஆரணியில் ஒருவரும் நம்பவில்லை. ஊரே தறி வைத்திருக்கிறது, எல்லாருக்கும் குழி தெரியும். ஆனால் பெற்ற மகள் அப்பன்மேல் இப்படிச் சொன்னாள் என்பதை எல்லாரும் நம்பினார்கள். சிரித்தது அதற்கு.

“இப்ப நம்பறியா நைனா?”

“நீ சொன்னா நான் நம்புவேன். டீக்கடையில யாரு சொல்றது?”

மறுநாளே உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். நீங்கள் நாற்காலி போட்டீர்கள், காபி வரவழைத்தீர்கள்.

“எதிர்ப்பு இல்லாத சாட்சிய யாரும்மா படிக்கிறாங்க? உங்க ஊழியத்துக்காக நாலு பேர் முழங்கால் போட்டு ஜெபிச்சாங்க இல்ல?” என்றீர்கள்.

“தறிக்குழி பார்த்திருக்கீங்களா ஐயா?” என்று கேட்டேன்.

“படத்துல பார்த்திருக்கேன்.”

“கால் தொங்கப் போடற ஆழம். அதுல கதவை எங்க வெச்சீங்க?”

காபியை என் பக்கம் நகர்த்தினீர்கள். கடைசியில், “அப்பாவுக்குத் தனியா ஒரு லெட்டர் போட்டுடறேன்” என்றீர்கள். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். காபியைத் தொடவில்லை. அசிங்கப்படுத்தியது ஊர் நடுவில், மன்னிப்பு மட்டும் மூடிய கவரிலா?

நான் திரும்பக் கம்போடியா போனேன். மிங்குக்கு அடுத்தடுத்த பாவெல்லாம் நான்தான் பிணைத்தேன். என் வேலையில் ஒரு குறையும் இல்லை, என் அழைப்பில் எனக்குச் சந்தேகமும் இல்லை. அப்பாவும் தறியில்தான் இருக்கிறார். டீயை இன்னும் வீட்டில்தான் குடிக்கிறார்.

என் நான்கு பக்கக் கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. எதையும் தூக்கிப்போடமாட்டேன் என்று அன்றைக்கு நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். அதை எடுங்கள். ஒரு வரி வெட்டாமல், அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். தறிக்குழிக் கதையை எழுதியது யார் என்று அதற்குக் கீழே உங்கள் பெயரோடு எழுதுங்கள். அடுத்த மிஷன் கூடுகையில் மைக்கைப் பிடித்து அதைச் சத்தமாகப் படியுங்கள். ஒரு பிரதியை ஆரணி டீக்கடைக்கு அனுப்புங்கள்.

அந்தக் குழிக்குக் கதவு வைத்தது யார்? எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள் ஐயா.