மருந்தடிப்பவர் கொடுத்த தீப்பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில், கொள்ளிடக் கரையிலிருந்த எங்கள் வாழைக்கொல்லைக்கு மருந்தடிக்க அரியமங்கலத்திலிருந்து ஒருவர் வருவார். பெட்ரோலில் ஓடும் ஸ்பிரேயரை முதுகில் சுமந்து சுமந்து ஒரு தோள் தாழ்ந்துபோன மனிதர். மூக்கைச் சுற்றிய துண்டுக்கு மேலே தூக்கம் காணாத கண்கள்.

பெட்ரோல் தீர்ந்தால் மிஷினை இறக்கிவைத்து, சூடு ஆறும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்த நேரத்தில்தான் சிகரெட் பிடிக்கத் தோன்றும். பெட்ரோல் கேனைத் திறக்கும் முன் அவர் மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டுவார்.

"இது என்கிட்ட இருக்க வேணாம் சார். நீங்க வச்சுக்கிட்டு அந்தப் பம்ப்செட் கொட்டகைக்கிட்ட போய் நில்லுங்க."

நானும் பெரிய காவல்காரனைப் போல, புகைத்துக்கொண்டே அங்கே போய் நிற்பேன்.

ஒருநாள் என் தீப்பெட்டி மழையில் நனைந்துவிட்டது. அவருடையதைத் திறந்தேன். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை.

திருப்பிக் கொடுக்கும்போது, "இது காலிப் பெட்டியாச்சே?" என்றேன்.

"எனக்குப் பீடிப் பழக்கமே கிடையாது சார். பெட்ரோல் ஊத்துறேன், தள்ளிப் போங்கன்னு சொன்னா எல்லாருக்கும் கோபம் வருது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

பெட்டியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அதன் ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. எனக்கு முன்னால் எத்தனை கொல்லைக்காரர்கள் அதைக் காவல் காத்தார்களோ!